பாபநாசம் மெஸ்ஸில் ஐப்பசிப் புற்றுக்காளான்

தஞ்சாவூர்–கும்பகோணம் சாலையில் பாபநாசத்துக்கு அருகே உள்ள ஒரு சிறிய மெஸ்ஸில், ஐப்பசி மழை நன்றாகப் பிடித்த நாட்களில் மட்டும் புற்றுக்காளான் சமைக்கிறார்கள். 1998-இல் ஏபிகே 2 என்ற பால் காளான் ரகம் வெளியான பிறகு அந்த வெள்ளைக் காளானைச் சமவெளியில் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் குடில் போட்டு வளர்க்க முடிகிறது. புற்றுக்காளானோ, கரையான்கள் புற்றுக்குள் தாமே பேணி வளர்க்கும் பூஞ்சையிலிருந்து, வேர் போன்ற நீண்ட தண்டுடன் மண்ணைத் துளைத்துக்கொண்டு எழுவது. அதைப் பண்ணையில் விளைவிக்க வழியில்லை.

மிளகு வறுவலுக்காகவே அங்கே போகலாம். தண்டில் ஒட்டிய மண்ணைக் கத்தியால் சுரண்டி, ஓடும் நீரில் சட்டென்று அலசி, கையால் கிழித்து வைத்துக்கொள்கிறார்கள். நல்லெண்ணெயில் சின்ன வெங்காயமும் நசுக்கிய பூண்டும் வதங்கிய பிறகு காளானைச் சேர்த்து, ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றாமல், அது விடும் நீரெல்லாம் அதிலேயே சுண்டிய பின்புதான் மிளகுத்தூள் தூவுகிறார்கள். தண்டு நாட்டுக்கோழிக் கறியைப் போல நாராகப் பிரிகிறது. மழை ஈரத்தின் மண்வாசம் கடைசிக் கவளம் வரை நிற்கிறது. குழம்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். தேங்காய், சோம்பு, கசகசா, பட்டை எல்லாம் அரைத்துவிட்டதில் காளானின் மணம் அடியோடு அமுங்கிவிடுகிறது. அதற்குப் பால் காளானே போதும்.

தானாக முளைத்த காளானைப் பரிமாறும் எந்த இடத்திலும், யார் பறித்தது என்று கேட்காமல் சாப்பிடக் கூடாது. இங்கே சமையலைக் கவனிக்கும் அம்மா, கொள்ளிடப் படுகையில் ஆண்டுதோறும் அதே புற்றடிகளில் பறிப்பவர்களிடம் மட்டுமே வாங்குவதாகவும், வேரை ஒடித்துக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுவதாகவும் சொன்னார். அந்த நீண்ட வேரும் புற்றுக்காளானுக்கு ஓர் அடையாளம் என்பதால், மிகச் சரியான கண்டிப்பு அது. இதே மழையில் புல்தரையில் எழும் ஒரு காளான், வெண்குடையில் பழுப்புச் செதில்களுடன் பார்க்க அழகாக இருக்கும். முற்றியதும் குடையின் அடிமடிப்புகள் பச்சையாகும். உண்டால் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். மஞ்சள் போட்டு நிறம் பார்ப்பதும், பூச்சி கடித்திருந்தால் நல்லது என்று நம்புவதும் நஞ்சைக் கண்டுபிடித்துத் தராது. கொடிய காளான்கள் சிலவற்றின் நஞ்சு கொதித்தாலும் அழியாது. அறிகுறி தெரியவே ஆறு மணி நேரத்துக்கு மேலாகலாம்.

புற்றுக்காளான் வராத நாளில் பால் காளானைப் பால் காளான் என்றே சொல்லி, குறைந்த விலைக்குத் தருகிறார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னதாகவே போய்விடுவது நல்லது. பார்சல் வேண்டாம், மூடிய டப்பாவுக்குள் நீர் கோத்து வறுவல் தொய்ந்துவிடுகிறது.