பைப், எல்போ, டீ: பேப்ரிகேஷன் ஷெட்யூலுக்கு எந்த வகைப்பாடு உதவும்?

பட்டறைக்குப் போகும் ஷெட்யூல், அதாவது மாடலிலிருந்து எடுக்கும் பாகங்களின் பட்டியல், இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும்: எந்தப் பைப்பை எவ்வளவு நீளத்துக்கு அறுப்பது, எந்த ஃபிட்டிங்கை (எல்போ, டீ போன்ற இணைப்புத் துண்டு) எத்தனை எடுத்துவைப்பது. ரெவிட் என்ற கட்டட வடிவமைப்பு மென்பொருளின் மாடலிலிருந்து இந்தப் பதிலை வாங்க மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன: வகைப்பாட்டுக் குறியீடு, ஷேர்டு பாராமீட்டர் (நாமே உருவாக்கிச் சேர்க்கும் தகவல் கட்டம்), பேப்ரிகேஷன் பார்ட்ஸ் (உற்பத்தி அளவுகளோடு வரும் ரெவிட் பாகங்கள்).

குறியீட்டைப் பலரும் முதலில் நாடுகிறார்கள். அலுவலகத் தரத்தில் ஏற்கெனவே இருக்கிறதே! ஆனால் மாஸ்டர்ஃபார்மட் என்ற கட்டுமான வேலை எண் பட்டியலில் 22 11 16 என்று போட்டால் கட்டடத்தின் தண்ணீர்க் குழாய் வேலை முழுக்க அதற்குள் வந்துவிடும். பைப்புக்கும் அதே எண், எல்போவுக்கும் அதே எண். மென்பொருள்களுக்கிடையே மாடலைப் பரிமாற உதவும் ஐ.எஃப்.சி. தரம் கொஞ்சம் தேவலை. பைப்பையும் ஃபிட்டிங்கையும் தனித்தனி இனமாக வைத்து, ஃபிட்டிங்கை வளைவு, சந்திப்பு, அளவு மாற்றம் என்று பிரிக்கிறது. அதோடு நின்றுவிடுகிறது. ஃபிட்டிங் அளவுகளுக்கான அமெரிக்க ஏ.எஸ்.எம்.இ. பி16.9 தரத்தில் 4 அங்குல லாங் ரேடியஸ் 90 டிகிரி எல்போவின் மையத்திலிருந்து முனைவரை 152 மி.மீ.; ஷார்ட் ரேடியஸில் 102. இரண்டுமே 'வளைவு'தான். மாற்றி எடுத்தால் ஒவ்வொரு முனையிலும் 50 மி.மீ. பிசகும். அளவுப் பட்டியலுக்கும் பராமரிப்புக் குழுவிடம் ஒப்படைப்பதற்கும் குறியீடு சரி, ரம்பத்துக்கு ஆகாது.

ஷேர்டு பாராமீட்டரில் 'எல்.ஆர். 90', 'எஸ்.ஆர். 90' என்று பட்டறை பேசும் பெயரையே எழுதிவிடலாம். ஃபிட்டிங்குக்கு அதன் ஃபேமிலிக்குள் (ரெவிட்டின் பாகக் கோப்பு) சேர்க்கலாம். பைப், ரெவிட்டுக்குள்ளேயே இருக்கும் சிஸ்டம் ஃபேமிலி என்பதால், அதே பாராமீட்டரை ப்ராஜெக்ட் வழியாகப் பைப் கேட்டகரியோடு இணைக்க வேண்டும். வெளியிலிருந்து யாராவது புது டீ ஒன்றை இறக்கினால் அந்த வரி வெறுமையாக வரும். இது சின்னத் தொல்லை, கண்ணில் பட்டுவிடும். கண்ணில் படாதது நீளம். ரெவிட் சொல்லும் பைப் நீளம் ஃபிட்டிங்கின் கனெக்டர் (இணைப்புப் புள்ளி) வரைதான். திருகு ஃபிட்டிங்கில் கனெக்டரை வாயிலேயே வைத்திருந்தால், உள்ளே ஏறும் நீளம் கணக்கில் வராது. முனையோடு முனை வைத்துப் பற்றவைக்கும் பட் வெல்டில், நடுவே விடும் ரூட் இடைவெளியை நாமே கழிக்க வேண்டும். போதாக்குறைக்கு, 20 மீட்டர் நேர்க்கோடு மாடலில் ஒரே பைப்பாகக் கிடக்கும். பட்டறைக்கு வருவதோ 6 மீட்டர் பைப்.

2016 பதிப்பில் ரெவிட்டுக்குள் வந்த பேப்ரிகேஷன் பார்ட்ஸ் இந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. அளவுகள் கேட்டலாக்கிலிருந்து வருகின்றன, நேர்ப் பைப்பை ஸ்டாக் நீளத்துக்குத் துண்டு போட்டுக்கொள்கிறது. விசித்திரம் என்னவென்றால், பைப்பும் ஃபிட்டிங்கும் இங்கே ஒரே கேட்டகரி. பிரிப்பதற்கு, பாகத்தின் வடிவ வகையைக் குறிக்கும் பேட்டர்ன் எண்ணை ஃபில்டராகப் போட வேண்டும். நேர்ப் பைப் 2041. விலை என்ன? டேட்டாபேஸைப் பராமரிக்க ஓர் ஆள் வேண்டும். டிசைன் தினமும் மாறும் கட்டத்தில் இதை வைத்துக்கொண்டு மாரடிக்க முடியாது.

மாடலிலிருந்தே அறுக்கப் போகிறீர்கள் என்றால் பார்ட்ஸுக்கே என் ஓட்டு. ஷாப் டிராயிங்கை (பட்டறை வரைபடம்) வேறொருவர் தனியாகப் போடுவார் என்றால் ஷேர்டு பாராமீட்டர் போதும். எந்த வழியில் போனாலும் ஸ்பூல் எண்ணை (பட்டறையில் ஒன்றாகச் சேர்த்து அனுப்பும் குழாய்த் தொகுதியின் எண்) வகைக் குறியோடு ஒட்டிவிடாதீர்கள். வகை டைப்பைச் சேர்ந்தது, ஸ்பூல் எண் அந்தத் துண்டு எந்த ஸ்பூலில் போகிறது என்பதைப் பொறுத்தது. ஒரே கட்டத்தில் அடைத்தால் எத்தனை எல்.ஆர். 90 வேண்டும் என்று ஸ்டோர் கேட்கும்போது ஷெட்யூல் ஸ்பூல் ஸ்பூலாகப் பிரித்தே எண்ணிக் காட்டும்.