லைட்டுக்காக வாங்கினேன், ஸ்கின்னோடு சண்டை போடுகிறேன்

கம்பெனி விலையை இறக்கியதிலிருந்து குடியாத்தம், ஆற்காடு, ராணிப்பேட்டை பக்கத்து ஸ்டூடியோக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்: "அக்கா, நீங்க வச்சிருக்கிற அந்த முகப் படம் திருத்துற போர்ட்ரெய்ட் சாஃப்ட்வேரை வாங்கலாமா?" போனில் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் எழுதுகிறேன். பெயரைப் போடப் போவதில்லை. கேட்டவர்களுக்கு எது என்று தெரியும். மற்றவர்களுக்கும் நஷ்டமில்லை, இந்த வகையறாவில் எல்லாமே ஏறக்குறைய ஒரே வேலையைத்தான் செய்கின்றன. முகத்தைத் தானாகக் கண்டுபிடிக்கும், தோலுக்கு மாஸ்க் போடும், பருவை எடுக்கும், பல்லை வெளுக்கும், எடுக்கும்போது இல்லாத வெளிச்சத்தைப் பிற்பாடு போட்டுத் தரும்.

வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டு மாடியில் உட்கார்ந்து நாலைந்து ஸ்டூடியோக்களுக்குக் கல்யாண ஆல்பப் படங்களை ரீடச் செய்து, அதாவது கம்ப்யூட்டரில் திருத்திக் கொடுப்பது என் பிழைப்பு. ரெண்டு வருஷத்துக்கு மேலாக இது என் கம்ப்யூட்டரில் ஓடுகிறது. முகூர்த்த மாதங்களில் ராத்திரி பகல் பார்க்காமல் ஓடுகிறது.

லைட்டிங்கை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில்தான் எனக்கு உண்மையான சந்தோஷம்.

நம்ம ஊர் வெயிலைப் பற்றி நம்ம ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ப்ரீ வெட்டிங் ஷூட் என்றால் பொண்ணு மாப்பிள்ளை வீட்டில் கிளம்பி, மேக்கப் போட்டு, கோட்டைக்கோ மோர்தானா அணைக்கோ போய்ச் சேரும்போது பதினோரு மணி ஆகிவிடும். வெளிச்சம் உச்சந்தலையில் இறங்கும். கண்குழி ரெண்டும் கறுப்பு, மூக்கு நிழல் மேலுதட்டில், கன்னத்து மேட்டில் மட்டும் பளீர். பாலாற்று மணலில் எடுத்தால் வேறு தொல்லை. தண்ணி இல்லாத ஆற்றில் அந்த வெளுத்த மணல் மொத்தமும் ரிஃப்ளெக்டர் ஆகிவிடும். தாடைக்கு அடியிலிருந்து வெளிச்சம் ஏறி, மூக்கு ஓட்டை பளிச்சென்று தெரியும், நெற்றி மங்கும். லைட் பாய் ஒருத்தன் இருந்தால் ஸ்பாட்டிலேயே சரி செய்யலாம். பாதி ஷூட்டுக்கு லைட் பாய் கிடையாது.

இதைக் கையால் சரி செய்வது எப்படி என்று எல்லாருக்கும் தெரியும். ஃபோட்டோஷாப்பில் 50 சதவீத சாம்பல் நிறத்தில் ஒரு லேயர், மோடை சாஃப்ட் லைட்டுக்கு மாற்றி, பிரஷ் ஃப்ளோவை 2, 3 சதவீதத்துக்கு இறக்கி, நிழலை வெளுக்க டாட்ஜ், பளபளப்பை இருட்டாக்க பர்ன் என்று தடவித் தடவிக் கொண்டுவர வேண்டும். நன்றாகச் செய்தால் அதற்கு ஈடு இல்லை. ஆனால் ஒரு முகத்துக்கு அரை மணி நேரம் போய்விடும். 12×36 அங்குல கரிஷ்மா கல்யாண ஆல்பத்தில் முகங்கள் எத்தனை!

இந்த மென்பொருள் என்ன செய்கிறதென்றால், கண், மூக்கு, தாடை எங்கே இருக்கிறது என்று பார்த்து, முகத்தின் மேடுபள்ளத்தைத் தானே யூகித்துக்கொள்கிறது. பிறகு திரையில் ஒரு சின்ன உருண்டை வரும். அதை எந்தப் பக்கம் இழுக்கிறோமோ அந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் வருகிற மாதிரி மேட்டில் ஏற்றி, பள்ளத்தில் இறக்கிவிடும். 2017-இல் ஐபோனில் போர்ட்ரெய்ட் லைட்டிங் வந்தது, 2020-இல் ஃபோட்டோஷாப்பின் நியூரல் ஃபில்டரிலும் லைட்டின் திசையை மாற்றும் ஸ்லைடர் வந்தது. கருத்து புதிதில்லை. ஆனால் மணல் வெளிச்சம் பட்ட முகத்தை எடுத்து, உருண்டையை மேலே இடது பக்கம் கொண்டுபோய், அளவாக வைத்தால் தாடை அடி அடங்கி நெற்றி எழுந்து வருகிறதே, அந்த நிமிஷம் ஒவ்வொரு தடவையும் எனக்கு மனசு நிறைகிறது.

ரெண்டு இடத்தில் நாம்தான் கண்ணை வைக்க வேண்டும். ஒன்று, கருவிழியில் விழுந்த வெளிச்சப் புள்ளி. எடுக்கும்போது லைட் வலது பக்கம் இருந்திருந்தால் புள்ளியும் அங்கேதான் இருக்கும். நீங்கள் புது லைட்டை இடது பக்கம் போட்டால் முகம் ஒன்று சொல்லும், கண் வேறொன்று சொல்லும். பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் ஏதோ இடிக்கிறது என்று தோன்றும். புள்ளியைக் கையால் எடுத்து மறுபக்கம் வைத்துவிடுங்கள். ரெண்டாவது, முகம் மாறும், கழுத்தும் காதும் மாறாது. ஜிமிக்கியின் நிழல் பழைய பக்கத்திலேயே கழுத்தில் விழுந்து கிடக்கும். அதற்கு இன்னும் பிரஷ்தான்.

இன்னொன்று, ரா ஃபைல், அதாவது கேமரா சென்சார் பதிந்த மூலப் பதிவு, இருந்தால் மட்டும் நிழலைத் தூக்குங்கள். 14 பிட் ரா-வில் ஒவ்வொரு நிறத்துக்கும் 16,384 படிகள், ஜேபெக்கில் 256. ஜேபெக்கில் கண்குழியைத் தூக்கினால் திட்டுத்திட்டாகத்தான் வரும். அதற்கு மென்பொருளைத் திட்டிப் பயனில்லை.

ஒடுகத்தூர் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் அஞ்சலி படத்துக்கு வந்தது. அப்பா தவறி ரெண்டு நாள். கையில் இருந்தது ஒரு மண்டபத்து குரூப் போட்டோ, அவர் மூணாவது வரிசையில், தலைக்கு மேல் டியூப் லைட். பிரேமுக்கு 16×20 அங்குலம் வேண்டும். மகனும் மகளும் என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். படத்தைத் திறந்தேன். திறந்ததுமே மென்பொருள் தன் வழக்கத்தைக் காட்டிவிட்டது. நெற்றிச் சுருக்கம் இல்லை. கன்னத்து அம்மைத் தழும்பு இல்லை. வெயிலில் ஏர் பிடித்துக் கருத்த முகம் ரெண்டு படி வெளுத்து, ரோஸ் ஏறி நிற்கிறது. மகள் திரையைப் பார்த்து, "இது எங்க நைனா இல்லக்கா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஸ்கின் பக்கம் மொத்தத்தையும் அணைத்தேன். உருண்டையை மேலே 45 டிகிரிக்கு இழுத்து, நிழல் பக்கத்துக் கண்ணுக்குக் கீழே சின்ன முக்கோணமாக வெளிச்சம் விழுகிற மாதிரி வைத்தேன். ரெம்பிராண்ட் லைட்டிங் என்கிறோமே, அது. தழும்பு திரும்பி வந்தது, சுருக்கம் வந்தது, டியூப் லைட்டின் தட்டையான வெளிச்சம் போய் முகத்துக்கு ஒரு கனம் வந்தது. மகன் எழுந்து கிட்ட வந்து பார்த்தான். "திண்ணையில உக்காந்தா இப்டிதான்க்கா இருப்பாரு." அந்தக் குரூப் போட்டோவிலிருந்து இப்படி ஒரு படத்தை வேறு எதை வைத்தும் அந்த நேரத்தில் நான் எடுத்திருக்க முடியாது.

அதே மென்பொருள்தான் ரெண்டையும் செய்தது. என் கோபம் முழுக்க அந்த முதல் பாதியின் மேல்.

பருவைத் தேடி எடுக்கும் பகுதி திருஷ்டிப் பொட்டை எடுத்துவிடுகிறது. கன்னத்தில் அம்மா ஆசையாக வைத்த மைப்பொட்டு, அதற்குக் கரும்புள்ளி. மணப்பெண்ணின் ஒற்றைக்கல் மூக்குத்தியைப் பாதி அழித்துவிட்டு, மீதியை மினுக்கும் திட்டாக விட்டுவைக்கும். மச்சத்தை எடுத்துவிடும், அந்தப் பெண்ணின் பள்ளிக்கூடத்து டி.சி.யில் அங்க அடையாளமாக எழுதியிருக்கிற மச்சத்தை. நலங்கு படங்கள் தனிக் கொடுமை. முகம் முழுக்க மஞ்சள் பூசி உட்கார்ந்திருக்கிறாள் பெண். மென்பொருள் அதை ஒயிட் பேலன்ஸ் கோளாறு, அதாவது கேமரா நிறத்தைத் தப்பாகப் பிடித்தது என்று எடுத்துக்கொண்டு மஞ்சளைக் கழுவிவிடுகிறது. கையில் மஞ்சள், புடவையில் மஞ்சள், முகம் மட்டும் பூசணிக்காய்க்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி. மேல்விஷாரம் நிக்காஹ் வேலைகளில் மாப்பிள்ளை முகத்தில் பூச்சரம் தொங்கினால் முகம் என்றே அதற்குத் தெரிவதில்லை. அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன், தொடாமல் விடுகிறதே, அதுவே நிம்மதி.

எல்லாவற்றுக்கும் மேலே நிறம். ஸ்மூத் ஸ்லைடரை 10 தாண்டினால் போதும், கூடவே நிறமும் ஏறுகிறது. யாரும் ஏற்றச் சொல்லவில்லை. கன்னத்தில் கலர் சாம்ப்ளர் (ஒரு புள்ளியின் நிறத்தை எண்ணில் காட்டுவது) வைத்து முன்னும் பின்னும் பாருங்கள், Lab நிற அளவில் வெளுப்பைச் சொல்லும் எல் ஏறியிருக்கும், மாநிறத்தில் ஏற்றம் குறைவு, கருத்த முகத்தில் அதிகம். அதாவது யார் கருப்போ அவரைத்தான் அதிகம் மாற்றுகிறது.

இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. பிரிண்ட் கலரைச் சரிபார்க்க லேப்களுக்குக் கோடாக் கொடுத்த ஷர்லி கார்டில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அந்த முகம் சரியாக வந்தால் கலர் சரி. பழுப்பு நிறம் சரியாகப் பதியவில்லை என்று சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் குறை சொன்ன பிறகுதான் ஃபிலிமில் பழுப்புக்கு கவனம் வந்தது. தோல் நிறத்துக்கு ரொம்ப நாளாகப் பயன்பட்டது 1975-இல் தோல் மருத்துவத்துக்காக வந்து, பிற்பாடு ஆறு வகையாக விரிந்த ஃபிட்ஸ்பேட்ரிக் அளவுகோல். 2022-இல்தான் பத்துப் படிகளோடு மாங்க் ஸ்கேலை கூகுள் வெளியே விட்டது. எந்த முகங்களைக் காட்டிப் பழக்குகிறார்களோ அந்த முகத்தைத்தான் மென்பொருள் நல்ல முகம் என்று நினைக்கும். ஆனால் நான் முழுப் பணம் கொடுத்து வாங்கியிருக்கிறேன், என் ஊர் முகங்களையும் அது கற்றுக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

ரீடச் பழகும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தோலின் பளபளப்பைக் குறைக்கும் மேட் ஸ்லைடரைக் கருத்த முகத்தில் தொடாதீர்கள். தோலின் மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கும் மினுமினுப்பு எந்த நிறத்திலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். உள்ளே போய்ப் பரவி வெளியே வருகிற வெளிச்சம்தான் கருத்த தோலில் குறைவு, மெலனின் அதைக் குடித்துவிடும். அதனால் கருத்த முகத்தின் வடிவத்தைக் காட்டுவதே அந்த மினுமினுப்புதான். கன்னத்து மேடு, மூக்குத் தண்டு, நெற்றி வளைவு எல்லாம் அதில்தான் இருக்கிறது. அதை எண்ணெய்ப் பிசுக்கு என்று எடுத்துவிட்டால் முகம் தட்டையாகிவிடும், பிறகு எத்தனை லைட் போட்டாலும் எழாது. மேக்கப் வேர்வை வழிந்த இடத்தில் மட்டும் கையால் குறையுங்கள்.

கலர் ஏற்றச் சொல்லி வாடிக்கையாளர்களே கேட்கிறார்களே என்பீர்கள். கேட்கிறார்கள். "பொண்ணுக்குக் கொஞ்சம் கலர் ஏத்திக் குடும்மா" என்று எத்தனையோ அம்மாக்கள் என் வாசலில் நின்று கேட்டிருக்கிறார்கள். லைட்டைச் சரி செய்து, நிறத்தைத் தொடாமல் காட்டுவேன். பாதிப் பேர் அதோடு திருப்தியாகிவிடுவார்கள், அவர்கள் தேடியது தெளிவுதான். அப்புறமும் வேண்டும் என்பவர்களுக்கு அவர்கள் விருப்பம். யாரும் கேட்காமல், ஆல்பத்தின் மொத்த சொந்தபந்தத்துக்கும் மென்பொருள் தானாக முடிவு செய்வது முறையே இல்லை.

அப்புறம் அந்த அப்டேட். ஸ்கின் கலரைப் பூஜ்யத்தில் வைத்து, பிரீசெட்டாகச் சேமித்து, அதையே டீஃபால்ட் ஆக்கியிருப்பேன். அப்டேட் வந்த மறுநாள் அது பழையபடி ஆன் ஆகி நிற்கும். பெண் என்று எடுத்துக்கொண்ட முகத்துக்குக் கண்ணைப் பெரிதாக்கி மூக்கைச் சன்னமாக்கும் ஸ்லைடர்களும் கூடவே எழுந்திருக்கும். கம்பெனிக்கு எழுதினேன். எல்லாருக்கும் அனுப்புகிற பதில்தான் எனக்கும் வந்தது. அடுத்த அப்டேட்டிலும் மாற்றமில்லை. ஆல்பம் பிரிண்டுக்குப் போகிற வாரத்தில் ஒரு மண்டபம் நிறைய முகங்களைத் திரும்ப ஒவ்வொன்றாகப் பார்ப்பது என்ன வேலை என்று செய்தவர்களுக்குத்தான் தெரியும்.

வாங்கலாமா என்றால், வேண்டாம். லைட்டைப் பற்றி நான் மேலே எழுதியதில் ஒரு வார்த்தையும் மிகை இல்லை, நான் போன வாரம்தான் சந்தாவைப் புதுப்பித்தேன். இருந்தாலும் வேண்டாம் என்றே சொல்கிறேன், அதிலும் மொத்தப் படத்தையும் பேட்ச்சில் போட்டுவிட்டுத் தூங்கப் போகிற ஸ்டூடியோவுக்குக் கண்டிப்பாக வேண்டாம். அந்த முகங்களைக் காலையில் யாரும் திரும்பப் பார்க்கப் போவதில்லை, அப்படியே பிரிண்டுக்குப் போகும்.

விலை பாதியாகிவிட்டது என்று வாங்கியே தீருவேன் என்பவர்கள் போட்டதும் இதைச் செய்யுங்கள். ஸ்கின் கலர், ஃபேஸ் ஷேப் ரெண்டையும் அணையுங்கள். ஸ்மூத் 8-க்கு மேல் வேண்டாம். பரு எடுக்கும் பகுதியை ஆட்டோவிலிருந்து எடுத்துவிட்டு, ஃபோட்டோஷாப் ஹீலிங் பிரஷ்ஷால் கையில் செய்யுங்கள். நலங்கு படங்களைத் தனி ஃபோல்டரில் போட்டு இதற்குள் கொண்டுவரவே வேண்டாம். லைட்டைத் தனி லேயராக வெளியே எடுத்துக்கொள்ளுங்கள், அந்த லேயரின் அடர்த்தியை, அதாவது ஒப்பாசிட்டியை, 60, 70 சதவீதத்துக்குக் குறைத்தால் போதும். அப்டேட் வந்த அன்றைக்கு ஏதாவது ஒரு கருத்த முகத்தைத் திறந்து, கன்னத்தில் சாம்ப்ளர் வைத்து, எல் மதிப்பு நகர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் வேலையைத் தொடங்குங்கள்.