ஆலயக் காணி யாருடைய பெயரில்? சபைக்குக் காசும் நகையும் கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

வாடகை வீட்டில் ஜெபக்கூட்டமாகத் தொடங்கி, கொட்டில் போட்டு, பிறகு “சொந்த ஆலயம் கட்டுவோம்” என்று கிளம்புகிற தனிப் பெந்தெகொஸ்தே சபைகளில் நடக்கும் ஒரு மோசடியைப் பற்றியது இந்தப் பதிவு. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்திலும் படுவான்கரையிலும் உள்ள விசுவாசிகள், முக்கியமாக மத்திய கிழக்கிலிருந்து காசு அனுப்பும் சகோதரிமார், முழுவதையும் வாசியுங்கள். எந்தச் சபையின் பெயரையும் எழுதவில்லை. ஆள் மாறினாலும் செய்முறை மாறுவதில்லை.

முதலில் ஒரு தீர்க்கதரிசனம் வரும்: “கர்த்தர் இந்த வளவைக் காட்டினார்.” அடுத்த ஞாயிறு குடும்பத்துக்கு ஒரு பேர்ச் விலை என்று பங்கு பிரிப்பார்கள். கையில் காசில்லாதவள் தோட்டைக் கழற்றிக் காணிக்கைப் பையில் போடுவாள். கட்டாரிலும் குவைத்திலும் இருந்து வருவது பாஸ்டரின் சொந்த வங்கிக் கணக்குக்குப் போகும். “சபைக்கு இன்னும் கணக்குத் திறக்கவில்லை, இப்போதைக்கு இதில் போடுங்கள்” என்பார்கள். பற்றுச்சீட்டு கேட்டால், பரலோகத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று பதில் வரும். காணி உறுதி (வாங்கியதற்கான சட்டப் பத்திரம்) முடிக்க நொத்தாரிசிடம் போவது பாஸ்டரும் அவருடைய மைத்துனரும் மட்டும். அத்திவாரம் போடும் நாளில்தான் சபை முழுவதும் கூடி ஸ்தோத்திரம் சொல்லும். சில வருடம் கழித்து ஏதோ ஒரு கேள்வியில் சண்டை வந்தால், “இது என்ட காணி, விருப்பமில்லாதவன் வெளியே போ” என்ற சொல் மேடையிலிருந்தே வரும்.

அந்த உறுதியை எடுத்துப் பாருங்கள். வாங்கியவர் என்ற இடத்தில் பாஸ்டரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் வீட்டு முகவரியும் இருக்கும். ‘இன்ன சபைக்காக, நம்பிக்கைப் பொறுப்பாளராக’, அதாவது சபைக்காகச் சொத்தைப் பொறுப்பில் வைத்திருப்பவராக, என்று ஒரு வரி எங்கும் இருக்காது. அட்டவணையில் நாலு எல்லையும் பேர்ச் கணக்கும் சுத்தமாக எழுதியிருக்கும். கடைசியில் நொத்தாரிசின் அத்தாட்சியில் காசு கைமாறிய விதம் வரும். அங்கும் கொடுத்தவர் பாஸ்டர்தான். எழுத்தைப் பார்த்தால் அது தனியாள் சொத்து. அவர் விற்கலாம், வங்கியில் ஈடு வைக்கலாம். அவர் கண்ணை மூடினால் மனைவி பிள்ளைகளுக்குப் போகும். தோட்டைக் கழற்றிக் கொடுத்தவள் எந்தப் பக்கத்திலும் இல்லை.

“புதிய ஆலயங்களுக்கு அரசாங்கம் அனுமதி தருவதில்லை, அதனால்தான் என் பெயரில் எழுதினேன்” என்ற விளக்கம் எப்போதும் தயாராக இருக்கும். இது பாதி உண்மை. 2008இல் மத விவகார அமைச்சு அனுப்பிய சுற்றறிக்கை புதிய வழிபாட்டிடம் கட்டுவதைப் பற்றியது. அதனால் சிறு சபைகள் பட்ட பாடு உண்மைதான். ஆனால் காணியை யார் பெயரில் எழுதுவது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பல பொறுப்பாளர்களின் பெயரில் நம்பிக்கைப் பொறுப்பு உறுதி எழுதலாம். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாக (பங்குகள் இல்லாமல், உறுப்பினர்களின் உத்தரவாதத்தில் நிற்பது) பதிந்து அதன் பெயரில் வாங்கலாம். பாராளுமன்றச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்ட தாய்ச்சபை இருந்தால் அதன் பெயரிலேயே எழுதலாம். பொறுப்பாளர்களைப் போடும்போதும் பாஸ்டர், அவர் மனைவி, மைத்துனர் என்று மூன்று பெயர் வந்தால் அது பழைய கதையேதான். குடும்பத்துக்கு வெளியே குறைந்தது இரண்டு பேர் வேண்டும். அவர்களுடைய கையெழுத்து இல்லாமல் விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது என்று உறுதியிலேயே எழுத வேண்டும்.

பெர்மிட் காணி, அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி என்றால் இன்னும் கவனம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வந்த அனுமதிப்பத்திரக் காணியை, பிரதேச செயலாளரின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. உறுதிக் காணி விடயத்தில் முத்திரைக் கடதாசியில் கையெழுத்து வாங்கி “சபைக்குத் தந்துவிட்டேன்” என்று எழுதிக்கொள்வதும் செல்லாது. நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும்.

காசு கொடுத்தாகிவிட்டது என்றால், உறுதியின் இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் மூன்றையும் தேடி எடுங்கள். காணிப் பதிவகத்தில் விண்ணப்பித்தால் இப்போது யார் பெயரில் இருக்கிறது, ஈடு வைத்திருக்கிறதா என்று பதிவேட்டைப் பார்க்கலாம். பணம் போட்டவர் ஒருவர், உறுதி வேறொருவர் பெயரில் என்றால் 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புகள் கட்டளைச் சட்டத்தில் வழக்காட இடமுண்டு. ஆனால் காசு போன வழியை எழுத்தில் காட்ட வேண்டும். வங்கிச் சீட்டு, பணம் அனுப்பிய ரசீது, ‘காணிக்குக் கிடைத்தது’ என்று பாஸ்டர் வட்ஸ்அப்பில் போட்ட குரல் பதிவு எதையும் அழிக்காதீர்கள். வழக்குப் போட்டால் அதைப் பதிவகத்திலும் பதியும்படி சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். பதியாமல் விட்டால் வழக்கு நடக்கும்போதே காணி கைமாறிவிடும். சட்டத்தரணிக்கு வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குப் போகலாம்.

இவ்வளவு தூரம் வர விடுவது எது? “நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதீர்கள்” என்ற வசனம்தான். சங்கீதம் 105ஐ மேலிருந்து வாசித்தால் அது ஆபிரகாம் பரதேசியாய் அலைந்த காலத்தில் ராஜாக்களுக்குச் சொல்லப்பட்ட எச்சரிக்கை என்று தெரியும். அதாவது அதிகாரம் உள்ளவனைத்தான் அது தடுக்கிறது. கணக்குக் கேட்கிற விதவையை அல்ல. சவுலின்மேல் கைபோடாத தாவீதும், குகைக்கு வெளியே நின்று அவன் செய்த அநியாயத்தை அவன் முகத்துக்கே சொன்னான். 1 தீமோத்தேயு 5இல் மூப்பனுக்கு எதிரான பிராதுக்கு இரண்டு மூன்று சாட்சி கேட்கப்படுகிறது. அதற்கு அடுத்த வசனமே, பாவம் செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள் என்கிறது. முதல் வசனத்தோடு பிரசங்கத்தை நிறுத்துகிறவரைக் கவனியுங்கள்.

ஒழுங்கு விதிகளிலும் இதே கோணல். சகோதரியின் சட்டைக் கை நீளம், தோடு, தொலைக்காட்சி, மகள் யாரோடு கதைத்தாள் என்பதற்கெல்லாம் விதி உண்டு. மீறினால் திருவிருந்து நிறுத்தம். நகை போடாமல் வாழ்வது ஒருவரின் விசுவாசம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கழற்றிய நகை எங்கே போனது என்று சபைக் கணக்கில் வர வேண்டுமா இல்லையா? பாஸ்டருக்கு விதி என்ன, அவர் தவறினால் யார் விசாரிப்பார் என்று சேரும்போதே கேளுங்கள். தாய்ச்சபையில் ஊழியச் சான்று பெற்றவரென்றால் அதைப் பறிக்க மேலே ஓர் அமைப்பு இருக்கிறது. அமெரிக்காவின் பெரிய பெந்தெகொஸ்தே சபையான அசெம்பிளீஸ் ஒஃப் கோட்டின் விதிப்படி, பாலியல் ஒழுக்கக்கேட்டில் விழுந்த ஊழியர் திரும்பி வர, மேற்பார்வையில் குறைந்தது இரண்டு வருடம் ஆகும். இங்கே சில தனிச் சபைகளில் அழுது ஒரு சாட்சி சொன்னால் அடுத்த மாதமே மைக் கையில்.

தனி ஜெபம், ஆலோசனை என்று பெண்களையும் பிள்ளைகளையும் தனியே கூப்பிடும் இடத்தில் கதவு திறந்திருக்க வேண்டும், இன்னொரு மூத்த சகோதரி கூட இருக்க வேண்டும். இரவு பதினொரு மணிக்கு வரும் “ஜெபிக்கிறீர்களா மகள்?” என்ற செய்திக்குப் பதில் போடத் தேவையில்லை. ஜெபத்தில் சுகமாகிவிட்டது என்று இன்சுலினையோ வலிப்பு மாத்திரையையோ நிறுத்தச் சொல்கிறவரின் பேச்சைக் கேட்காதீர்கள். சுகமானது உண்மையென்றால் போதனா வைத்தியசாலை கிளினிக்கில் எடுக்கும் பரிசோதனையிலும் தெரியும்.

பிள்ளைக்கு ஏதும் நடந்தால் அது மூப்பர் கூட்டத்தில் பேசித் தீர்க்கும் விடயமே அல்ல. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையென்றால் சம்மதம் என்ற பேச்சுக்கு இடமில்லை. சிறுவர் உதவி இலக்கமான 1929க்கு அழையுங்கள், பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. பொலிஸில் முறைப்பாடு போட்டதும், “மன்னிப்பதுதான் கிறிஸ்தவம்” என்று ஒரு குழு வீட்டுக்கு வரும். கையில் தட்டச்சுச் செய்த வாபஸ் கடிதம் இருக்கும், ஜெபித்து முடித்ததும் பேனா நீட்டுவார்கள். கையெழுத்துப் போடாதீர்கள். முறைப்பாட்டு இலக்கமும் பிரதியும் சபைக்குச் சம்பந்தமில்லாத ஓர் உறவினரிடம் இருக்கட்டும்.