கூகுள் ஆட் கிராண்ட்ஸ்: இரண்டு ஆண்டு பயன்படுத்திய பிறகு

பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடநூல்களை ஒலியாகப் பதிவு செய்து தரும் சிறிய தொண்டு நிறுவனம் எங்களுடையது. வாசிக்க நிறைய பேர் வருகிறார்கள். இணையதளத்தைப் பார்த்துக்கொள்ள நான் ஒருத்திதான். தொண்டு நிறுவனங்களுக்குக் கூகுள் தரும் இந்த இலவச விளம்பரத்தை இரண்டு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன்.

மாதம் 10,000 டாலர் என்றதும் கையில் பணம் வரும் என்று எங்கள் குழுவில் சிலர் நம்பிவிட்டார்கள். பணம் வராது. தேடல் பக்கத்தில் எழுத்து விளம்பரமாக மட்டுமே அது செலவாகும். ஒரு நாளைக்கு 329 டாலர் வரை என்று கணக்கு. காசு கொடுத்து விளம்பரம் செய்கிறவர்களுக்குக் கீழேதான் நம்முடையது வரும். அரசு அமைப்புகள், மருத்துவமனைகள், பள்ளிகள் இதற்கு விண்ணப்பிக்க முடியாது.

தளம் நிறுவனத்தின் சொந்த டொமைனில், அதாவது சொந்த இணைய முகவரியில், இருக்க வேண்டும். எங்கள் டொமைன் முன்பு தளம் செய்து கொடுத்தவர் பெயரில் இருந்தது. அதைத் திரும்ப வாங்கவே மூன்று மாதம் ஆயிற்று. உங்களுடையது யார் பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

கடினமான விதி ஒன்று உண்டு: விளம்பரத்தைப் பார்க்கிற நூறு பேரில் ஐந்து பேராவது கிளிக் செய்ய வேண்டும். தொடர்ந்து இரண்டு மாதம் 5 சதவீதத்துக்குக் கீழே போனால் கணக்கை நிறுத்திவிடுவார்கள். எந்தத் தேடலுக்கு விளம்பரம் வர வேண்டும் என்று நாம்தான் சொற்களைக் கொடுக்க வேண்டும்; அதில் 'புத்தகம்' மாதிரி ஒற்றைச் சொல்லுக்குப் பொதுவாக அனுமதி இல்லை. நான் முதலில் 'இலவசப் புத்தகம்' என்று போட்டேன். கதைப் புத்தகம் தேடியவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள், விகிதம் இறங்கியது.

அப்புறம்தான் மக்கள் உண்மையில் என்ன தட்டச்சு செய்கிறார்கள் என்று காட்டும் அறிக்கையைத் திறந்தேன். இந்தச் சேவையில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் அதுதான். 'அறிவியல் பாடம் ஆடியோ', 'கண் தெரியாத பிள்ளையை எப்படிப் படிக்க வைப்பது' என்றெல்லாம் தேடியிருந்தார்கள். எங்கள் முகப்பிலோ தொலைநோக்கு, குறிக்கோள், விழாப் படங்கள். பிள்ளையைப் படிக்க வைக்க வழி தேடிய தாய்க்கு அங்கே ஒரு வரிகூட இல்லை.

அதனால் முகப்பை விட்டுவிட்டு, பாடநூல் கேட்பவர்களுக்கு ஒரு பக்கம், பெற்றோருக்கு ஒரு பக்கம், குரல் கொடுக்க வருபவர்களுக்கு ஒரு பக்கம் என்று எழுதினேன். ஒவ்வொரு விளம்பரமும் அதற்குரிய பக்கத்துக்கே போகும். விகிதம் இரண்டே மாதத்தில் மேலே வந்தது.

ஆனாலும் பாடநூல் கேட்டு எங்களுக்கு விண்ணப்பங்கள் வரவில்லை. எங்கள் மாணவர் ஒருவர், திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் என்விடிஏ என்ற திரைவாசிப்பானோடு எங்கள் தளத்தின் விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக் காட்டினார். பதினான்கு கட்டங்கள், பாதிக்கு மேல் லேபிளே இல்லை, எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று அவருக்குக் கேட்கவில்லை. கடைசியில் படத்தில் இருக்கும் எழுத்துகளைப் பார்த்துத் தட்டச்சு செய்யச் சொல்லும் கேப்ட்சா. பார்வையற்றவர்களுக்கான படிவத்தில்! அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இப்போது ஐந்தே கட்டங்கள், எல்லாவற்றுக்கும் லேபிள், கேப்ட்சா கிடையாது. குறைபார்வை உள்ளவர்களுக்காக எழுத்துக்கும் பின்னணிக்குமான நிற வேறுபாட்டை 4.5:1க்கு மேல் வைத்திருக்கிறேன்.

நன்கொடை எதிர்பார்த்து இதில் இறங்காதீர்கள். தேடி வந்த அந்நியர் முதல் நாளே பணம் அனுப்புவது எங்களுக்கு அபூர்வம். ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு நான் மாதாமாதம் அனுப்பும் மின்னஞ்சல்தான் நன்கொடை கொண்டுவருகிறது. பயனாளிகளையும் தன்னார்வலர்களையும் கண்டுபிடிக்க இது மிக நல்ல வழி.

வாரம் மூன்று மணி நேரம் இதற்கென உட்கார ஒருவர் கிடைத்தால் தயங்காமல் விண்ணப்பியுங்கள். யாரும் இல்லையென்றால் விளம்பரம் இருக்கட்டும், முதலில் உங்கள் படிவத்தை உங்கள் பயனாளி ஒருவரை நிரப்பச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.