முகத்தை மெழுகிய அகராதி: ஒரு செயலியின் மதிப்புரை

ஆண்டுச் சந்தா 149 ரூபாய் செலுத்தி ஆறு மாதமாக நான் பயன்படுத்திவரும் ஆங்கில–தமிழ் அகராதிச் செயலி (பெயர் வேண்டாம்), தமிழக எல்லையை ஒட்டிய கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் செல்லும் பேருந்தில் இணையம் அறுந்துபோகும் இடங்களிலும் தடையின்றித் திறக்கிறது. அதன் குறையைக் காட்டிக்கொடுத்தது 'பிடாப்' (bedaub) என்னும் அரிய ஆங்கில வினைச்சொல்.

தமிழ்வழியில் ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள், முகமெல்லாம் ஜாமுடன் நிற்கும் குழந்தையைப் பற்றி அச்சொல்லுடன் வந்த ஆங்கில வாக்கியம் ஒன்றைத் தமிழில் எழுத வேண்டியிருந்தது. செயலி 'பூசு, தடவு, மெழுகு' என்று தந்துவிட்டு நிறுத்திக்கொண்டது. கடைசிச் சொல்லை எடுத்து, 'குழந்தையின் முகம் ஜாமால் மெழுகப்பட்டிருந்தது' என்று எழுதிவிட்டாள். ஆசிரியை சிவப்பு மையில் வட்டமிட்டு, "முகம் என்ன திண்ணையா?" என்று ஓரத்தில் கேட்டிருந்தார்.

நியாயமான கேள்வி. மெழுகுதல் சாணம் கரைத்துத் தரையைத் துப்புரவாக்குவது. பூசுதல் சந்தனத்துக்கும் சேற்றுக்கும் பொது. தடவுதலில் ஒரு மென்மை உண்டு. ஆங்கில 'டாப்' (daub) என்றாலோ, குழைவான ஒன்றைத் தாறுமாறாக ஈஷுவது. அதன் முன்னே சேரும் 'பி', எங்கும் என்னும் மிகுதியை ஏற்றுகிறது. ரசனையின்றி மட்டுமீறி அலங்கரிப்பதற்கும் 'பிடாப்' வழங்கும். முகம் நிறையப் பவுடரை அப்பிக்கொண்டு வருபவரைப் பற்றிப் பேசும்போது நம் வாயில் வரும் 'அப்புதல்' இவ்விரு பொருளுக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது. செயலியில் அச்சொல் இல்லவே இல்லை.

சொற்பிறப்பும் இல்லை. 'டாப்', பழைய பிரெஞ்சு வழியாக, வெள்ளையடித்தலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. சுவரை வெளுக்கப் புறப்பட்ட சொல் முகத்தைக் கறையாக்கி நிற்கிறது என்ற ஒரு வரி இருந்திருந்தால், மகள் அதை ஆயுளுக்கும் மறந்திருக்க மாட்டாள்.

எல்லையில் வாழ்கிற எங்களுக்கு இத்தகைய குழப்பம் புதிதன்று. மலையாளத்தில் தைலத்தைப் 'புரட்டணம்' என்றால் தடவ வேண்டும். தமிழில் நாங்கள் புரட்டுவது புத்தகத்தின் பக்கத்தை. மலையாளத்தின் 'தேப்பு' சுவர்ப்பூச்சுக்கும் துணி இஸ்திரிக்கும் ஆகும், இளைஞர் பேச்சில் காதலித்துக் கைவிடுவதற்கும் ஆகும்.

பேருந்துப் பயணத்துக்காகச் சந்தாவைப் புதுப்பிப்பேன். வீட்டுப்பாடத்துக்கு, அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1960களில் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கனத்த ஆங்கில–தமிழ் அகராதியைப் பரணிலிருந்து இறக்கித் தூசு தட்டியாயிற்று.