பயிற்சியிடம் தேடும் பொறுப்பு யாருடையது: மாணவருடையதா, கல்லூரியுடையதா?

அமெரிக்காவில் நர்ஸ் பிராக்டிஷனர் (நோயைக் கண்டறிந்து மருந்து எழுதித் தரும் தகுதி பெற்ற உயர்நிலைச் செவிலியர்) ஆவதற்கான பட்டமேற்படிப்பில் சேர்பவர், 2022இல் வெளியான தேசியத் தரநெறிகளின்படி, நோயாளிகளை நேரடியாகக் கவனிக்கும் பயிற்சியில் குறைந்தது 750 மணி நேரம் செலவிட வேண்டும். முன்பு இது 500 மணியாக இருந்தது.

மாணவரே இடம் தேடிக்கொள்ளும் முறையில் சொந்த ஊரிலேயே, விரும்பிய துறையிலேயே பயிலலாம். இணையவழியில் படிக்கும் கிராமப்புறச் செவிலியருக்கு இது பெரிய வசதி. ஆனால் இரவுப் பணி முடித்து வந்த ஒருவர் ஒவ்வொரு கிளினிக்காகத் தொலைபேசியில் கேட்டு, கடைசியில் ஒரு மருத்துவர் வாய்மொழியாகச் சம்மதித்த பிறகும், கல்லூரிக்கும் கிளினிக்குக்கும் இடையிலான ஒப்பந்தம் கையெழுத்தாகாமல் வாரக்கணக்கில் கிடந்தால், அந்தப் பருவமே கைநழுவிப் போகும். இடம் பிடித்துத் தரும் நிறுவனங்களுக்குக் கைக்காசைக் கட்டுவோரும் உண்டு. கல்விக் கட்டணத்தை முழுதாக வாங்கிக்கொண்டு இந்தச் சுமையையும் மாணவர் தலையில் ஏற்றுவது நியாயமில்லை என்றே கருதுகிறேன்.

கல்லூரியே ஏற்பாடு செய்தால், ஒப்பந்தம், கிளினிக்கில் மாணவருக்குப் பயிற்சி தரும் வழிகாட்டியின் உரிமம், தடுப்பூசிச் சான்று, பின்னணிச் சோதனை ஆகிய அனைத்தையும் ஓரிடத்திலேயே சரிபார்க்க முடியும். கற்பித்தல் திருப்தியளிக்காத கிளினிக்கை அடுத்த ஆண்டு தவிர்க்கவும் முடியும். தினமும் நெடுந்தூரம் பயணம் செய்ய நேரலாம், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

சேருவதற்கு முன், இடம் கிடைக்காவிட்டால் கல்லூரி என்ன செய்யும், தாமதமாகும் பருவத்துக்குக் கட்டணம் உண்டா என்ற இரண்டு கேள்விகளுக்கும் எழுத்துப்பூர்வமாகப் பதில் பெற்றுக்கொள்ளுங்கள்.