ரிட்டர்ன் தண்ணீர் குளிர்ந்து வந்தால்: பைபாஸா, மூவழி வால்வா?

பாஸ்டன் பக்கத்துப் பழைய வீடுகளில், பாய்லரிலிருந்து வரும் சுடுதண்ணீரால் அறையைச் சூடாக்கும் வார்ப்பிரும்பு ரேடியேட்டர்கள் இன்னும் நிறைய. எங்கள் வீட்டிலும் அதுதான். பம்ப் இல்லாமல் சுடுதண்ணீர் தானாக மேலேறிய காலத்துத் தடித்த குழாய்கள் என்பதால் உள்ளே நிற்கும் தண்ணீர் ஏராளம். குளிர்கால அதிகாலையில் பாய்லர் எரியத் தொடங்கினால் வெகுநேரம் குளிர்ந்த தண்ணீரே திரும்பி வரும். அது சுமார் 130 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 54 செல்சியஸுக்குக் கீழே இருந்தால், எரிவாயுப் புகையிலுள்ள நீராவி பாய்லருக்குள்ளேயே வியர்த்துவிடும். அந்த நீரில் அமிலம் உண்டு. வார்ப்பிரும்பை அரிக்கும், புகைபோக்கியையும் விடாது.

இதைத் தடுக்க மலிவான வழி பைபாஸ். பாய்லரிலிருந்து வீட்டுக்குப் போகும் குழாய்க்கும் (சப்ளை) திரும்பி வரும் குழாய்க்கும் (ரிட்டர்ன்) நடுவே ஒரு குட்டைக் குழாய், அதில் கையால் திருகும் ஒரு வால்வு. சுடுதண்ணீரில் ஒரு பங்கு அதன் வழியே நேராக ரிட்டர்னில் கலக்கும். கெட்டுப்போக எதுவுமில்லை. ஆனால் அதற்குச் சூடு தெரியாது. அதிகாலைக் குளிருக்கு ஏற்றபடி திறந்து வைத்தால், வீடு சூடான பிறகும் ரேடியேட்டருக்குப் போகவேண்டிய தண்ணீரில் ஒரு பங்கு வீணாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

சென்சார் வைத்து பம்பின் வேகத்தை மாற்றும் கருவி இன்னும் துல்லியமானது. அதை நான் வைத்துக்கொண்டதில்லை, தெரிந்தவர் வீட்டில் பார்த்ததோடு சரி. ஜனவரியில் அதன் மின்னணு போர்டு கெட்டுப்போனால் என்ன செய்வது என்ற பயத்திலேயே விட்டுவிட்டேன்.

நான் மாட்டியது தெர்மோஸ்டாட்டிக் மூவழி வால்வு. சுவீடனின் எஸ்பே போன்றவர்கள் செய்வது. உள்ளே மெழுகு அடைத்த ஒரு சின்ன உருளை, மின்சாரமே வேண்டாம். பாய்லர் தண்ணீர் முதலில் தனக்குள்ளேயே சுற்றும். குறித்த சூடு வந்ததும் வீட்டுப் பக்கத்து வழி கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். அதற்கு மேல் சுமார் 10 செல்சியஸ் ஏறினால் பைபாஸ் முழுக்க மூடிவிடும். காலையில் குழாய்களைத் தொட்டுப் பார்த்தாலே தெரியும்: பைபாஸ் சுடும், பக்கத்திலேயே வீட்டிலிருந்து வரும் குழாய் சில்லென்றிருக்கும்.

என்னை இதன் பக்கம் சாய்த்தது பராமரிப்புதான். பழைய குழாய்களில் கறுப்பாகத் துருச்சேறு ஓடும். அது உருளையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் மூன்று பக்கமும் அடைப்பு வால்வு வைத்துக் கட்டியிருந்தால் வேலை சுலபம். பாய்லரை அணைத்து, அது ஆறியபின் மூன்றையும் மூடி, கீழே ஒரு வாளி வைத்து, மூடியைக் கழற்றி, உருளையை ஸ்பிரிங்கோடு உருவிவிட்டுப் புதியதைப் போடலாம். அடைப்பு வால்வு இல்லையென்றால் வீட்டுத் தண்ணீரையெல்லாம் வடித்து, அப்புறம் ஒவ்வொரு ரேடியேட்டராகச் சாவி போட்டுக் காற்றை வெளியேற்றவேண்டும். பிளம்பர் ‘தேவையில்லை’ என்று சொன்னாலும் அந்த மூன்றையும் கேட்டு வாங்குங்கள். ரிட்டர்னில் ஒரு காந்த ஃபில்டரும் இருந்தால் நல்லது. வால்வு தண்ணீரின் ஓட்டத்தைக் கொஞ்சம் தடுக்கும் என்பதால் அளவில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பாய்லருக்கே வயதாகிவிட்டதென்றால் கண்டென்சிங் பாய்லருக்கு மாறலாம். அது புகையிலுள்ள நீராவியை வேண்டுமென்றே நீராக்கி, அந்தச் சூட்டையும் எடுத்துக்கொள்ளும் வகை; அதற்குக் குளிர்ந்த ரிட்டர்ன்தான் வேண்டும். இந்த வால்வை அதோடு சேர்த்துவிடாதீர்கள். மிச்சமாகும் எரிவாயுவும் மிச்சமாகாது.